வாசல் கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசை தெரிகிறது: ஹாலை எப்படிப் பிரிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் சொந்த வீடு, கீழ்த்தளம் வாடகைக்கு, நீங்கள் மாடியில். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 12 அடிக்கு 26 அடி, நடுவில் ஒன்றும் இல்லை. கிழக்குப் பார்த்த வாசல், கதவு வடக்குச் சுவர் பக்கமாக இருக்கிறது. மேற்குக் கடைசி 10 அடிதான் டைனிங், அங்கே மேற்குச் சுவரில் ஜன்னல், வடக்குச் சுவரில் கதவில்லாத சமையலறை வழி. சோபா தெற்குச் சுவரை ஒட்டி. கூரியர் கொண்டு வருபவர் முதல் வாடகை கொடுக்க வருபவர் வரை யார் வாசலில் நின்றாலும் மேசையும் அதில் உட்கார்ந்து சாப்பிடும் உங்கள் மாமியாரும் தெரிகிறார்கள், அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுகிறார். சிஎன்சி ஜாலியா (இயந்திரத்தில் பூவேலையாகத் துளை வெட்டிய பலகை), இரண்டு பக்கமும் திறந்த அலமாரியா, நாலரை இன்ச் சுவரா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றும் வெளிச்சமும் குறையக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது எந்தப் பொருளில் செய்வது என்று. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஹாலைத் திறந்து கட்டியதன் பலன் போகாமல், சாப்பிடுகிறவரை வாசலில் நிற்பவர் கண்ணில் படாமல் எப்படி வைப்பது. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஆசாரிகளையும் வெல்டர்களையும் வைத்து வீட்டு உள்வேலை செய்து வருகிறேன், அந்த அனுபவத்தில் இதற்குப் பதில் சொல்கிறேன். பொருள் எது என்பது கடைசியில் தானாக வந்துவிடும்.

ஒரு தடுப்பிடம் நாம் எதிர்பார்ப்பது ஐந்து விஷயம் இருக்கலாம்: பார்வையைத் தடுப்பது, சத்தத்தைத் தடுப்பது, வாசனையைத் தடுப்பது, ஏசி குளிர்ச்சியைப் பிடித்து வைப்பது, ஆள் நடமாட்டத்தைத் திருப்பிவிடுவது. இந்த ஐந்துக்கும் ஒரே தடுப்பு போதாது. இதில் சந்தேகமே இல்லை. ஓட்டை உள்ள எதுவும் சத்தத்தை நிறுத்தாது. மிக்சி சத்தமும் குக்கர் விசிலும் ஜாலியின் துளை வழியாகவும், அதற்கு மேலே விட்ட இடைவெளி வழியாகவும் அப்படியே வரும். சத்தம் நிற்க வேண்டுமென்றால் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், நடுவழி கிடையாது. திரைச்சீலை, புத்தகம், கம்பளம் இதெல்லாம் டைல்ஸ் தரையில் எழும் எதிரொலியைக் குறைக்கும், அடுத்த பக்கத்துச் சத்தத்தைக் குறைக்காது. தாளிப்பு வாசனைக்கும் தடுப்பில் மருந்து இல்லை, சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒழுங்காக ஓடினால் ஹால் காற்றைச் சமையலறை பக்கம் இழுத்து வெளியே தள்ளும், வாசனை இந்தப் பக்கம் வராது. ஏசி ஹாலில் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மொத்தமாக மாறும், அப்போது கண்ணாடி ஸ்லைடிங் மாதிரி முழுவதும் மூடுகிற ஒன்றுதான் சரி. நீங்கள் ஏசி பற்றி எதுவும் எழுதவில்லை, அதனால் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஆக உங்களுக்குத் தேவை பார்வையைத் தடுப்பது மட்டும். அதுவும் எல்லாத் திசையிலிருந்தும் இல்லை, வாசலில் இருந்து மட்டும்.

இது நல்ல செய்தி, ஏனென்றால் ஒரு திசைப் பார்வையைத் தடுக்க ஹாலின் 12 அடி அகலத்தையும் அடைக்கத் தேவையில்லை. எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஒரு நூல்கண்டு போதும். வாசல் கதவுக்கு நடுவில், ஐந்தே கால் அடி உயரத்தில், அதாவது நிற்கிற ஆளின் கண் மட்டத்தில், ஒருவரை நூலைப் பிடிக்கச் சொல்லுங்கள். மறுமுனையை மேசையில் தெற்கு ஓரமாக இருக்கும் நாற்காலிக்கு இழுத்து, உட்கார்ந்திருப்பவர் தோள் உயரத்தில் கட்டுங்கள். தடுப்பு வரப்போகும் கோட்டை நூல் எங்கே கடக்கிறதோ அங்கேதான் தடுப்பு முடிய வேண்டும். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துப் பார்த்தால், மேசையை வடக்குச் சுவர் பக்கம் ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டால், வடக்குச் சுவரில் தொடங்கி ஐந்தரை அடி நீளத் தடுப்பு போதும். சமையலறை வழி அதே வடக்குச் சுவரில் தடுப்புக்குப் பின்னால் இருப்பதால் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். மீதி ஆறரை அடி திறந்தே இருக்கும்.

உயரம் பற்றி. நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் மட்டம் ஏறக்குறைய 4 அடி, தலை உச்சி அதற்குக் கொஞ்சம் மேலே. மூன்றரை அடி உயரத் தடுப்பு தட்டை மறைக்கும், தலையை மறைக்காது. சாப்பிடும்போது நம்மை ஒருவர் பார்க்கிறார் என்ற கூச்சம் முகம் தெரிவதால் வருவது, அதனால் உங்கள் விஷயத்தில் 6 அடிக்குக் குறையக்கூடாது. நான் 7 அடி என்பேன், கதவு நிலை, ஜன்னல் எல்லாம் லின்டல் மட்டத்தில் 7 அடியில் முடிவதால் கண்ணுக்கு ஒரே கோடாக இருக்கும். அதற்கு மேல் மூன்று அடியைச் சும்மா விட்டுவிடுங்கள். சூடான காற்று மேலேதான் நிற்கும், ஃபேன் அதைச் சுற்ற வழி வேண்டும். சீலிங் வரை அடைத்த ஹால்களில் டைனிங் பக்கம் மட்டும் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆசாரியைக் கூப்பிடும் முன் இன்னொரு சோதனை. தடுப்பு வரும் இடத்தில் 7 அடி உயரத்தில் கொடிக்கயிறு கட்டி, பழைய சுங்குடிச் சேலை இரண்டை மடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள். தட்டு எடுத்துப் போகிறவர் எங்கே இடிக்கிறார், பகலில் எந்த மூலை இருட்டாகிறது, மாமியார் தட்டோடு உள்ளே போகாமல் மேசையில் உட்காருகிறாரா என்று தெரிந்துவிடும். அவர் சேலைக்குப் பின்னாலும் உட்காரவில்லை என்றால் காரணம் வாசல் பார்வை மட்டும் இல்லை, அப்போது செலவு செய்வதற்கு முன் அவரிடமே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

இப்போது எல்லாரும் கேட்கும் தடுப்புக்கு வருகிறேன், நீளமான ஒல்லி மரத் துண்டுகளை, அதாவது பட்டைகளை, இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்துவது, ரீப்பர் டிவைடர் என்பார்கள். படங்களில் பார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் உங்கள் ஹாலுக்கு அதை அப்படியே செய்தால் ஒன்றும் மறையாது. பட்டைகள் நேராக நிற்கும் தடுப்பு, சாய்வாகப் பார்ப்பவருக்குத்தான் அடைப்பு. 4 அங்குல ஆழமும் 2 அங்குல இடைவெளியும் உள்ள பட்டைகளை எடுத்துக்கொண்டால், பார்வை நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால்தான் முழுக்க மறையும். உங்கள் வாசலோ தடுப்புக்கு நேர் எதிரே, 16 அடி தள்ளி. அங்கே நிற்பவர் பட்டைகளை நேருக்கு நேர் பார்ப்பார், ஒவ்வொரு இடுக்கும் அவருக்குத் திறந்த ஜன்னல். நீளமான ஹாலில் இந்தத் தடுப்பைப் போட்டுவிட்டு, பிறகு பின்னால் திரையும் தொங்கவிட்ட வீடுகள் நிறைய.

அதனால் பட்டைகளை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். 4 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம், மூன்று அங்குலத்துக்கு ஒன்று. இந்த அளவில் நேராகப் பார்ப்பவருக்கு ஒரு பட்டை முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும், அடைத்த பலகை போலத் தெரியும். ஆனால் பட்டைகளுக்கு நடுவே ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் காற்றுப் போகும் வழி இருக்கும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பட்டை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நிற்கட்டும். அப்போது வாசலுக்கு அடைப்பு, தெற்குச் சுவர் சோபாவில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் இடுக்கு வழியாக டைனிங் தெரியும், மேசையில் இருந்து சோபாவும் அதில் விளையாடும் பிள்ளைகளும் தெரிவார்கள். வீட்டு ஆட்களுக்குள் பார்வை உண்டு, வாசலில் நிற்பவருக்கு இல்லை. மாற்றிச் சாய்த்தாலும் வாசலுக்கு மறைப்பு கிடைக்கும், ஆனால் சோபாவுக்கும் மேசைக்கும் நடுவிலும் அடைத்துக்கொள்ளும். ஆசாரியிடம் வாயால் சொல்லாதீர்கள், தரையில் சாக்பீஸால் இரண்டு பட்டையை வரைந்து காட்டுங்கள்.

காற்றுக்கும் இந்தச் சாய்வுதான் சரி. நம் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகிறது, ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். உங்கள் மேற்கு ஜன்னல் வழியாக நுழைந்து ஹாலைக் கடந்து வாசலுக்குப் போகும் காற்றுப் பாதையில்தான் தடுப்பு வரப்போகிறது. தென்கிழக்காகத் திரும்பிய பட்டைகள் அந்தக் காற்றை ஓரளவு சோபா பக்கம் திருப்பிவிடும், மீதிக் காற்று திறந்த ஆறரை அடி வழியே போகும். மாலை வெயிலும் வாசலில் நுழைபவர் கண்ணில் நேராக அடிக்காது. சிஎன்சி ஜாலியில் இந்த வசதி இல்லை. ஜாலி வாங்கும்போது வடிவத்தைப் பார்க்காமல் துளையின் பங்கைப் பாருங்கள்: மொத்தப் பரப்பில் கால் பங்குதான் துளை என்றால் முக்கால் பங்கு சுவர்தான் எழுப்புகிறீர்கள். துளையைப் பெரிதாக்கினால் காற்று வரும், ஆனால் வாசலுக்கு எல்லாம் தெரியும்.

ஜாலியில் இன்னொரு சிக்கல், சமையலறைக்குப் பக்கத்தில் வருவதால். எண்ணெய் ஆவியும் மதுரைத் தூசியும் சேர்ந்தால் பிசுக்காகத் துளைக்குத் துளை ஒட்டிக்கொள்ளும், பழைய பல்துலக்கியை வைத்துத்தான் எடுக்க முடியும், யாருக்கு நேரம் இருக்கிறது? மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய ஜாலி என்றால் ஈரத்துணி போட்டுத் துடைக்கத் துடைக்க வெட்டிய விளிம்புகள் ஊதும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை தண்ணீருக்குப் பயப்படாது, செல் என்கிற கரையானும் அரிக்காது, அதனால் பலர் சொல்வார்கள். ஆனால் பி.வி.சி. கலந்த பலகை என்பதால் வெயில் சூட்டில் இளகும், மேற்கு ஜன்னலுக்கு எதிரே 7 அடி உயரத்துக்குச் சட்டம் இல்லாமல் நிறுத்தினால் வளையும், ஓரத்தில் போட்ட ஸ்க்ரூ பிடிப்பும் மரத்தில் இருப்பது போல இருக்காது. பூஜை அலமாரிக் கதவு மாதிரிச் சின்ன இடத்துக்கு ஜாலி நன்றாகவே இருக்கும்.

சுவர் யோசனையை விட்டுவிடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் மாடியில் இருப்பது. நாலரை இன்ச் செங்கல் சுவர், 10 அடி உயரம், இரண்டு பக்கமும் பூச்சு என்று வைத்தால் ஓர் அடி நீளத்துக்கே சுமார் 250 கிலோ வரும். ஐந்தரை அடிக்கு ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல், அதுவும் ஒரே கோட்டில். வீட்டுத் தளங்களில் ஆட்கள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். கீழே அதே கோட்டில் பீம் இருந்தால் வேறு பேச்சு, அதை உங்கள் வீட்டு ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைப் பார்த்து இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், இணையத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. சாய்ந்த பட்டைத் தடுப்பு சட்டத்தோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டாது. மானாமதுரைப் பக்கம் கிடைக்கும் சுட்ட மண் வேலைப்பாடுகள் எனக்கும் பிடிக்கும், ஆனால் மண் ஜாலி அடுக்கினாலும் எடை விஷயத்தில் சுவரின் பாதையில்தான் போகும், கீழ்த்தள வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அலமாரிக்கு வருவோம். இரண்டு பக்கமும் திறந்த அலமாரி என்றால் அதற்கு இரண்டு முகம். சுவரோடு ஒட்டிய அலமாரியில் பின்பக்கம் மெல்லிய பிளைவுட் அடித்து மறந்துவிடலாம், இங்கே பின்பக்கமும் ஹால். இரண்டு பக்கமும் லேமினேட், எல்லா விளிம்பிலும் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டி), அதனால் அதே அளவுச் சுவர் அலமாரியைவிடச் செலவு கணிசமாகக் கூடும். அப்புறம் காலியாக இருக்கும் வரைக்கும்தான் அது அழகு. ஆறு மாதத்தில் மருந்து டப்பா, சார்ஜர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுவும் வாசலைப் பார்த்து. சாமான் வைக்க இடம் வேண்டும் என்றால் கீழே இரண்டரை அடி உயரத்துக்கு டைனிங் பக்கம் மட்டும் திறக்கும் அலமாரி, 14 அங்குல ஆழம், அதற்கு மேல் நாலரை அடிக்குச் சாய்ந்த பட்டை என்று செய்யலாம். பட்டைகள் குட்டையாவதால் முறுக்கும் பயமும் குறையும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் உடம்பில் படும் காற்றில் ஒரு பகுதி போய்விடும். தட்டு டம்ளர் வைக்க சமையலறையில் இடம் இருந்தால் முழுக்கப் பட்டையாகவே விடச் சொல்வேன். அலமாரி செய்தால் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளை) என்று அச்சும், ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷீட்டிலும் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண கமர்ஷியல் பிளை, அதில் எம்.ஆர். என்று போட்டிருப்பது ஈரப்பதத்தைத் தாங்கும் என்ற அளவுக்குத்தான், தண்ணீரில் நிற்காது. பலகையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டிவிட்டு மறுபக்கம் பெயின்ட் அடிக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பலகை வளைந்துவிடும்.

டிவியை இந்தத் தடுப்பில் மாட்டலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பார்ப்பவர் மேற்கு ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டிவரும், சாயங்காலம் முழுக்கக் கண் கூசும், வயர்களின் முதுகுப்பக்கம் சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே தொங்கும்.

எந்த மரம் என்பது பணத்தைப் பொறுத்தது. தேக்கு எல்லாருக்கும் தெரிந்த பதில், உண்மையிலேயே நல்ல பதில்தான், சுருங்குவதும் முறுக்குவதும் குறைவு. நம் ஊர் வேம்பும் நன்றாகக் காய்ந்திருந்தால் உள்வேலைக்குத் தாராளமாக நிற்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருப்பதுதான் முக்கியம், மரத்தின் பெயர் இரண்டாவது. பச்சை வாடையோடு வந்த மரத்தைப் பட்டை போட்டு நிறுத்தினால் மதுரைச் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும், சாய்ந்த பட்டையில் அது அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் இடைவெளி சமமாக இருப்பதில்தான் மொத்த அழகும். 7 அடிப் பட்டைகளுக்கு நடுவில், மூன்றரை அடி உயரத்தில், பின்பக்கமாக ஒரு மெல்லிய கம்பியோ பட்டையோ ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் பிடித்துவிடச் சொல்லுங்கள். ஐந்தரை அடிக்கு மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்றால் 22 பட்டை, இழைத்த அளவில் மூன்றேகால் கன அடி, கழிவும் சேர்த்து நாலு கன அடி வாங்கினால் போதும். இந்தக் கணக்கை நீங்களே கையில் வைத்துக்கொண்டு மரக்கடைக்குப் போனால் பேரம் பேச வசதி. கைப்பிடி வைத்துத் திருப்பும் பட்டைகள் இப்போது பிரபலம், நாலு பேர் கைபடும் வீட்டில் பட்டை சுழலும் முளைகள் தளர்ந்து பட்டைகள் ஆடத் தொடங்கும், அதனால் அசையாமல் பொருத்துவதே நல்லது.

சட்டத்தை இரும்பில் செய்யுங்கள். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், பவுடர் கோட்டிங், தெற்கு முனையில் நிற்கும் தூணுக்கு மட்டும் 2 அங்குலம். வடக்கு முனை சுவரில் ஆங்கர் போல்ட்டில் பிடிக்கும், தெற்குத் தூணுக்குக் கீழே பேஸ் பிளேட். குழந்தைகள் அதைப் பிடித்து ஏறுவார்கள் என்று நினைத்தே பொருத்த வேண்டும், அதனால் தூணை மட்டும் சீலிங் வரை கொண்டு போய் அங்கேயும் ஒரு பிளேட் கொடுப்பது உறுதி. துளை போடும்போது இரண்டு எச்சரிக்கை. உங்கள் தரைதான் கீழ்வீட்டின் கூரை, அவர்கள் ஃபேன், லைட்டுக்கான வயர்க்குழாய்கள் அந்தத் தளத்துக்குள்தான் ஓடுகின்றன, எனவே டைல்ஸும் அதன் கீழே உள்ள கலவையும் சேர்ந்த கனத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம். டைல்ஸை முதலில் ஹாமர் இல்லாமல் துளைக்கட்டும், இல்லையென்றால் விரிசல் விடும். மேலே மொட்டை மாடி என்றால் அங்கும் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்த வேண்டும். வயர்க்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும், வயரிங் செய்த எலக்ட்ரீஷியனை ஒரு அரைமணி நேரம் கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

சட்டத்தின் அடிப்பகுதி தரையில் உட்காரக் கூடாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, மாப் போட்டாலும் தண்ணீர் ஓரத்தில் நிற்கும். 3 அங்குலம் தூக்கி வைத்தால் துடைப்பம் உள்ளே போகும், இரும்பு துருப்பிடிக்காது, மரத்தில் ஈரம் ஏறாது. செல் வருமா என்பது மண்ணையும் கட்டும்போது செய்த மருந்தையும் பொறுத்தது, மாடி என்பதால் வாய்ப்பு குறைவு, வரவே வராது என்று சொல்ல முடியாது. தூக்கி வைத்திருந்தால் வந்தாலும் மண்பாதை கண்ணில் பட்டுவிடும்.

மீதி ஆறரை அடியையும் ஏதாவது வைத்து நிரப்பச் சொல்லி யோசனை வரும், தொட்டிச் செடி, சின்ன ஆர்ச், பக்கவாட்டில் இன்னொரு ஜாலி என்று. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜ், பீரோ உள்ளே வர வேண்டும், மாமியாருக்கு நாளைக்கு வாக்கர் தேவைப்பட்டால் தாராளமாக வழி வேண்டும். அதைவிட முக்கியம், நம் வீடுகளில் ஹால் என்பது நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊரே வந்து உட்காரும் இடம். வளைகாப்பு, காதுகுத்து என்றால் மேசையை ஓரங்கட்டிவிட்டு 26 அடிக்கும் பாய் விரிப்பீர்கள். பெரிய காரியம் ஒன்று நடந்தால் ஆட்களும் கட்டிலும் ஃப்ரீசர் பெட்டியும் திரும்ப இடம் வேண்டும், அந்த நேரத்தில் ஒரு தடுப்பைக் கழற்றச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. நீங்கள் ஹாலை ஒன்றாகக் கட்டியதற்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரும்பு, மரம் எதுவும் இப்போது முடியாது என்றால் திரைச்சீலையை மட்டமாக நினைக்காதீர்கள். கூரையில் டிராக் அடித்து, கனமான கரூர்ப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் இழுத்துக்கொள்ளலாம், மற்ற நேரம் சுவரோடு ஒதுங்கிவிடும், துவைக்கலாம், விசேஷத்துக்குக் கழற்றலாம். காற்று வரும் நேரத்தில் பறக்கும் என்பது ஒன்றுதான் குறை, கீழ் விளிம்பில் கனம் வைத்துத் தைத்தால் ஓரளவு சரியாகும். இன்னொரு வழி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும் பழைய செட்டிநாட்டுக் கதவு ஒன்றை வாங்கி நிறுத்துவது. பர்மா தேக்கில் அருமையான வேலைப்பாடு இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய காற்று அதில் வராது, எடையும் அதிகம். ஆசைப்பட்டு வாங்கினால் அடிப்பக்கத்தையும் குடுமியையும் (கதவு சுழலும் முளை) விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே செல் அரித்திருந்தால் சத்தம் பொள்ளென்று கேட்கும்.

விலை கேட்கும்போது மொத்தமாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாய்ந்த பட்டை வேலையில் சதுர அடிக் கணக்கு குழப்பம், ஒருவர் முகப்பை அளப்பார், இன்னொருவர் பட்டையின் இரண்டு பக்கத்தையும் அளப்பார். மரம் எத்தனை கன அடி, இரும்பு எத்தனை கிலோ, கூலி எவ்வளவு, பாலிஷ் எவ்வளவு என்று நாலாகப் பிரித்து எழுதி வாங்குங்கள், இரண்டு பேரிடம் வாங்கினால் யார் எதில் ஏற்றியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். முழு வேலைக்கு முன்பு நாலு பட்டையை மட்டும் சாய்த்து ஒரு துண்டுச் சட்டத்தில் மாட்டி, வாசலில் நின்று பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மீதியைச் செய்யச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். வேலையை மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் மெலமைன், லாக்கர் பாலிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், மறுபடி தேய்த்து அடிக்க வேண்டிவரும். நூல் பிடித்துப் பார்த்த பிறகு அளவு ஆறு அடியைத் தாண்டினால் எழுதுங்கள், மேசையைக் கொஞ்சம் நகர்த்தியே சரிசெய்ய முடியுமா என்று முதலில் பார்ப்போம்.